காணாக்கடியும் கத்தரிப்பூ நிறச் செல்லும்

விளாத்திகுளம் வட்டம் குளத்தூரைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் தோலில் எது வந்தாலும் அது நாலைந்து பெயர்களுக்குள் அடங்கிவிடும். திடீரென்று தடித்து, அரித்து, சற்று நேரத்தில் மறைந்தால் காணாக்கடி. நீர் வடிந்து, செதில் தட்டி, மாதக்கணக்கில் நின்றால் கரப்பான். வட்டமாகப் பரவினால் படை, வெளுத்துக் கிடந்தால் தேமல், கம்பும் சோளமும் அறுக்கும் நாளில் வந்தால் சுணை. மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் வகுத்த பாகுபாடு இது. ஆனாலும் இதை மேலோட்டமானது என்று தள்ளிவிட முடியாது. தோல் நோயை அடையாளம் காண உதவும் மிகப் பழைய, மிக நம்பகமான அளவுகோல் ஒன்று இதற்குள் இருக்கிறது: வந்தது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே அது.

சில மணி நேரத்தில் வந்து போவதற்கும் மாதக்கணக்கில் தங்குவதற்கும் உள்ள வேறுபாடு, தோலுக்குள் எந்தச் செல் முன்னின்று வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. காணாக்கடியில் முன்னிற்பது மாஸ்ட் செல். மேல்தோலுக்கு அடியிலுள்ள உள்தோலில் இரத்த நுண்குழாய்கள், நரம்பு நுனிகள், மயிர்க்கால்கள் ஆகியவற்றை ஒட்டி இது குடியிருக்கிறது. உடம்பெங்கும் ஒரே அளவில் இல்லை. முகத்திலும் கை கால்களின் முனைப் பகுதிகளிலும் அதிகம், நடு உடம்பில் குறைவு. செல்லின் உடல் முழுக்கக் குருணைகள். ஹிஸ்டமின், ஹெப்பாரின், டிரிப்டேஸ் முதலிய பொருள்கள் அவற்றில் தயார் நிலையில் இருக்கின்றன. செல்லின் மேற்பரப்பில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். அதற்குரிய ஒவ்வாப் பொருள் வந்து இரண்டு ஐஜிஇ மூலக்கூறுகளை ஒருசேரப் பிடித்தால் சில நிமிடங்களில் குருணைகள் வெளியே கொட்டிவிடும். ஹிஸ்டமின் பட்ட நுண்குழாய் கசியும், தோல் தடிக்கும், நரம்பு அரிப்பைச் சொல்லும். கசிந்த நீரை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொண்டதும் தோல் பழையபடி ஆகிவிடும். காணாக்கடி தடம் தெரியாமல் மறைவதன் காரணம் இவ்வளவுதான்.

இந்தச் செல்லை முதலில் அடையாளம் காட்டியவர் பால் எர்லிக். 1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேடு சாயங்களைப் பற்றியது. அப்போது அவருக்கு 24 வயது. அன்று ஜெர்மானியச் சாயத் தொழிற்சாலைகளிலிருந்து புதிது புதிதாக வந்துகொண்டிருந்த அனிலின் சாயங்களைத் திசுக்களில் ஏற்றிப் பார்த்தபோது, சில செல்களின் குருணைகள் மட்டும் சாயத்தின் சொந்த நிறத்தை ஏற்காமல் வேறு நிறம் காட்டின. இன்றைக்கும் நோய்க்குறியியல் கூடங்களில் டொலுயிடின் புளூ என்ற நீலச் சாயத்தை ஏற்றினால் சுற்றியுள்ள திசு நீலமாகவும் மாஸ்ட் செல்லின் குருணைகள் கத்தரிப்பூ நிறமாகவும் தெரியும். குருணையிலுள்ள ஹெப்பாரின் செய்யும் வேலை அது. ஆனால் நிறத்துக்குக் காரணம் ஹெப்பாரின் என்பது எர்லிக்குக்குத் தெரியாது. அதை ஸ்வீடனின் ஹோல்ம்கிரேனும் விலாண்டரும் 1937இல் சொன்னார்கள். ஹிஸ்டமின் இருப்பதும் இதே செல்லில்தான் என்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஜேம்ஸ் ரைலியும் ஜெஃப்ரி வெஸ்ட்டும் காட்டியது 1953இல். செல்லைக் கண்டு முக்கால் நூற்றாண்டு கழித்தே அது வைத்திருப்பது என்ன என்ற விவரம் முழுமையாகத் தெரிந்தது. ஐஜிஇ கண்டறியப்பட்டதோ இன்னும் பின்னால், 1966–67இல்.

தோல் நோயைக் கண்டறிய இந்தச் செல்லை மூன்று வழிகளில் பயன்படுத்தலாம். தோலின் மேல் அது நடந்துகொள்ளும் விதத்தைக் கண்ணால் பார்க்கலாம். அது வெளியேற்றிய பொருளை இரத்தத்தில் அளக்கலாம். தோலைச் சிறிது வெட்டியெடுத்து நுண்ணோக்கியின் கீழ் எண்ணலாம். மருத்துவ இதழ்களில் அதிகம் எழுதப்பட்டிருப்பது மூன்றாவது வழியைப் பற்றி. குளத்தூர் போன்ற ஊரில் அதிகம் பயன்படக்கூடியது முதலாவது. இந்த முரணைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

காணாக்கடியில் ஒரு தடிப்பு தோன்றிய இடத்திலேயே 24 மணி நேரத்துக்கு மேல் நிற்காது. நோய் வாரக்கணக்கில் நீடிக்கலாம், புதுப்புதுத் தடிப்புகள் வந்துகொண்டே இருக்கலாம், ஆனால் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றின் ஆயுளும் ஒரு நாளுக்குள்தான். இதைச் சோதிக்க ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டு, நேரத்தைக் குறித்து, மறுநாள் பார்க்க வேண்டும். கோட்டுக்குள் ஒன்றும் இல்லாவிட்டால் மாஸ்ட் செல்லின் வேலை. அதே இடத்தில் தடிப்பு நின்று, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுந்து, போகும்போது கன்றிய கறுப்புத் தடத்தை விட்டுச் சென்றால் அது இரத்த நுண்குழாய்ச் சுவரின் அழற்சியாக இருக்கக்கூடும். அப்போதுதான் பயாப்சி வேண்டும், சிறுநீரும் மற்ற உறுப்புகளும் சோதிக்கப்பட வேண்டும். காணாக்கடி என்று வரும் பெரும்பாலோருக்கு பயாப்சி தேவையே இல்லை. எடுத்தாலும் அறிக்கையில் சொல்ல அதிகம் இருக்காது.

இதே அளவுகோல் கோடைக்கும் பொருந்தும். சித்திரை வெயிலில் காட்டுவேலை செய்கிறவர்களுக்கு உடம்பெங்கும் சின்னச் சின்னப் பருக்கள் வந்தால் எல்லாமே வேர்க்குரு என்று பெயர் பெறும். வேர்க்குரு வியர்வைக் குழாய் அடைபட்டு வருவது, நாட்கணக்கில் இருக்கும். ஆனால் உடம்பு சூடேறி வியர்க்கத் தொடங்கிய சில நிமிடங்களில் கடுகளவு தடிப்புகள் கிளம்பி, நிழலில் உட்கார்ந்து ஆறியதும் ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் அது வேர்க்குரு இல்லை. வியர்வையோடு சேர்ந்து மாஸ்ட் செல் தூண்டப்படும் காணாக்கடி வகை அது. 1924இலேயே மருத்துவ உலகம் விவரித்துவிட்ட இந்த நிலைக்கு நம் பக்கத்தில் இன்னும் முகப் பவுடர்தான் வைத்தியம். சிலருக்கு இதோடு மூச்சிரைப்பும் தலைசுற்றலும் வரக்கூடும் என்பதால் வேறுபடுத்தி அறிவது வெறும் பெயர் விவகாரம் அன்று.

ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காணாக்கடியில் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. கத்தரிக்காய், கருவாடு, மொச்சை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நோயாளி இளைத்ததுதான் மிச்சம் என்ற கதை ஊருக்கு ஊர் உண்டு. இவர்களில் ஒரு பகுதியினருக்கு, சொந்த உடம்பே உண்டாக்கிய எதிர்ப்பொருள் மாஸ்ட் செல்லைத் தூண்டுகிறது என்பது 1990களில் தெளிவானது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளியின் இரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, அதில் சிறு துளியை அவருடைய முன்கைத் தோலுக்குள்ளேயே ஊசியால் ஏற்றுவார்கள். பக்கத்தில் உப்புநீரும் ஏற்றப்படும். அரை மணி நேரம் கழித்து, சீரம் ஏற்றிய இடத்துத் தடிப்பு உப்புநீர்த் தடிப்பைவிட 1.5 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் சோதனை நேர்மறை. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள், செலவு குறைவு என்பதால். இதற்குத் தேவைப்படுவது இரத்தத்தைச் சுழற்றும் கருவியும், சுத்தமான ஊசியும், அரை மணி நேரப் பொறுமையும்தான்.

மாஸ்ட் செல் குற்றவாளி இல்லாத இடங்களையும் சொல்லியாக வேண்டும். கரிசல் பூமியில் அவை நிறைய.

கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலைப் பகுதித் தீப்பெட்டி ஆபீஸ்களில் குச்சி மருந்தில் சேரும் பொருள்களில் பொட்டாசியம் டைகுரோமேட்டும் ஒன்று. சிமெண்டிலும் குரோமியம் உண்டு. தோல் வழியாக மீண்டும் மீண்டும் உட்புகும் குரோமியத்துக்கு ஒவ்வாமை ஏற்பட்டால் விரலிடுக்கில் வெடிப்பும் நீர்க்கொப்புளமும் செதிலும் வரும். தொட்டவுடன் வராது, ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். வந்தால் போகாது. ஊர் இதைக் கரப்பான் என்கிறது. இங்கே முன்னிற்பவை டி லிம்போசைட்டுகள். பார்த்தீனியமும் அப்படித்தான். 1956இல் புனே அருகே கவனிக்கப்பட்ட இந்த அமெரிக்கக் களை இப்போது கண்மாய்க்கரை, தரிசு, பஞ்சாயத்துச் சாலை என்று எங்கும் நிற்கிறது. அதன் தூள் காற்றில் வந்து படிவதால் முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்துப்போகும். இதை அறிய முள்குத்துச் சோதனை உதவாது. முள்குத்துச் சோதனை மாஸ்ட் செல்லைக் கேட்கும் கேள்வி, விடை 15–20 நிமிடத்தில் தடிப்பாக வந்துவிடும். கரப்பானுக்கு வேண்டியது ஒட்டுச் சோதனை. சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் வைத்திருந்து எடுத்துப் பார்த்து, மறுபடி நான்காம் நாளும் பார்ப்பார்கள். இந்தியாவுக்கென்று வகுத்த ஒட்டுச் சோதனை வரிசையில் டைகுரோமேட்டும் பார்த்தீனியமும் இரண்டுமே உண்டு. நிமிடங்களில் விடை தரும் சோதனை எதற்கு, நாட்கணக்கில் விடை தரும் சோதனை எதற்கு என்று தெரிந்துகொண்டாலே, தோல் ஒவ்வாமைக்கு நகரத்துப் பரிசோதனைக் கூடங்கள் விற்கும் விலை உயர்ந்த இரத்தப் பரிசோதனைத் தொகுப்புகளில் பாதி தேவைப்படாது.

அரிப்பு என்றாலே ஹிஸ்டமின் என்று நினைப்பதும் பிழை. வேலிகளில் படரும் பூனைக்காலியின் காய்ச் சுணை உடம்பில் பட்டால் ஆள் துடித்துப்போவார். அந்தச் சுணையில் இருப்பது மியூகுனைன் என்ற புரதமறுக்கும் நொதி. அது மாஸ்ட் செல்லிடம் போகாமல், நரம்பு நுனியிலுள்ள வேறு ஏற்பிகளையே நேராகத் தூண்டிவிடுகிறது. எனவே ஹிஸ்டமினை அடக்கும் மாத்திரை இதில் பெரிதாக உதவாது. மாசி, பங்குனியில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளும் பெண்களின் கை எரிச்சலும் அத்தகையதே. கேப்சைசின் நரம்பின் வெப்ப உணர்வு ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. அந்த ஏற்பியை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீரில் கழுவினால் போகாமல் எண்ணெய் தேய்த்தால் சற்றுத் தணிவது, கேப்சைசின் கொழுப்பில் கரைவது என்பதால். பெண்கள் இதற்கு மருந்துக்கடைக்குப் போவதில்லை, எண்ணெய்ச் சட்டியைத்தான் தேடுகிறார்கள். அவர்கள் செய்வதே சரி.

இனி, மாஸ்ட் செல்லே நோயாக இருக்கும் அரிய நிலைக்கு வரலாம். 1869இல் லண்டனில் எட்வர்ட் நெட்டில்ஷிப் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் உடம்பில், தேய்த்தால் தடிக்கும் பழுப்புப் புள்ளிகளை விவரித்தார். அந்தப் புள்ளிகளுக்குள் குவிந்திருப்பவை மாஸ்ட் செல்களே என்று 1887இல் ஊன்னா காட்டினார். மாஸ்டோசைட்டோசிஸ் என்று இன்று அழைக்கப்படும் நோய்க் கூட்டத்தில் தோலோடு நிற்கும் வகை இது. பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள் தொடங்கும். வளரிளம் பருவத்துக்குள் பலருக்குத் தானே மங்கிவிடும்.

மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இது தவறாகப் படிக்கப்படுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. பழுப்புப் புள்ளிகளை அம்மைத் தழும்பு என்றோ கொசுக்கடி ஆறிய கறுப்பு என்றோ விட்டுவிடலாம். கைக்குழந்தைகளுக்கு இதில் கொப்புளமும் வரும் என்பதால், சீழ்க்கொப்புளம் என்று எண்ணி ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய பாடநூல்கள் சிவப்பைத் தேடச் சொல்கின்றன. நம் தோலில் சிவப்பு தெரியாது, தடிப்பு மட்டும் விரலுக்குத் தட்டுப்படும். அதனால்தான், தேய்த்துப் பார்த்து அறியும் டேரியர் குறி நமக்குக் கூடுதல் முக்கியம். சந்தேகப் புள்ளி ஒன்றை மழுங்கிய குச்சியாலோ நாக்கு அழுத்தும் கட்டையாலோ நாலைந்து முறை அழுத்தித் தேய்த்துவிட்டு, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். புள்ளியின் எல்லைக்குள் மட்டும் தோல் தடித்து எழும்பினால் உள்ளே மாஸ்ட் செல்கள் குவிந்திருக்கின்றன. பக்கத்து நல்ல தோலும் தேய்த்த கோடெங்கும் தடித்தால் அது தோலில் எழுதினால் தடிக்கும் சாதாரணக் காணாக்கடி வகை. எச்சரிக்கை ஒன்று: குழந்தையின் உடம்பில் பெரிய கட்டியாக இருந்தாலோ உடம்பு முழுக்கப் புள்ளிகள் இருந்தாலோ வீட்டில் யாரும் தேய்த்துப் பார்க்கக் கூடாது. ஒரே நேரத்தில் நிறைய ஹிஸ்டமின் வெளிப்பட்டு இரத்த அழுத்தம் இறங்கிவிடக்கூடும்.

இங்கேதான் பயாப்சிக்கும் எண்ணிக்கைக்கும் உண்மையான வேலை இருக்கிறது. வழக்கமான இளஞ்சிவப்புச் சாயத்தில் மாஸ்ட் செல் சட்டென்று கண்ணில் படாது. லிம்போசைட் போலவோ நார்த்திசுச் செல் போலவோ ஒதுங்கி நிற்கும். மருத்துவர் படிவத்தில் சந்தேகத்தை எழுதியிருந்தால்தான் கூடத்தில் டொலுயிடின் புளூவோ ஜீம்சாவோ ஏற்றிப் பார்ப்பார்கள். வசதியுள்ள இடங்களில் டிரிப்டேஸ், சிடி117 ஆகியவற்றுக்கான எதிர்ப்பொருள் சாயமும் உண்டு. மாஸ்ட் செல்கள் 15க்கு மேல் ஒரே கொத்தாக இருந்தாலோ, சிதறியிருந்தாலும் பெரிதாக்கிய ஒரு பார்வைப் புலத்தில் 20ஐத் தாண்டினாலோ மாஸ்டோசைட்டோசிஸுக்கு ஆதாரம் வலுக்கிறது. கிட் என்ற மரபணுவில், பெரும்பாலும் டி816வி என்ற இடத்தில், ஏற்பட்ட மாற்றம் அதை உறுதிசெய்யும். வளர்ந்தவர்களுக்கு இந்தப் புள்ளிகள் வந்தால் கதை வேறு. பெரும்பாலோருக்கு எலும்பு மஜ்ஜையிலும் நோய் இருக்கும். தோலைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது.

மாஸ்டோசைட்டோசிஸைத் தாண்டி வெறும் எண்ணிக்கை எவ்வளவு தூரம் உதவுகிறது? நரம்புறைக் கட்டியான நியூரோஃபைப்ரோமாவில் மாஸ்ட் செல்கள் நிறைய இருப்பது நோய்க்குறியியலாளருக்கு ஒரு நல்ல துப்பு. அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நாள்பட்ட கரப்பானில் மாஸ்ட் செல் கூடுகிறது. லைக்கன் பிளானஸில் கூடுகிறது. தழும்புக் கட்டியில் கூடுகிறது. தோல் புற்றின் ஓரங்களில் கூடுகிறது. எல்லாவற்றிலும் கூடும் ஒன்றை வைத்து எதையும் பிரித்தறிய முடியாது. ஆனாலும் தோல் நோய்களில் மாஸ்ட் செல்லை எண்ணுவது இந்திய மருத்துவக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளுக்குப் பிடித்த தலைப்பு. காரணம் புரிகிறது. சாயம் மலிவு, கண்ணாடிச் சில்லுகள் அலமாரியிலேயே இருக்கின்றன, எண்ணுவதற்குப் பொறுமை போதும். இந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. கிடைத்த எண்ணிலிருந்து நோய்க்கு முடிவு கட்டும் அவசரத்தைத்தான் சொல்கிறேன்.

தொழுநோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1955இல் செங்கல்பட்டில் மத்திய அரசின் தொழுநோய் நிறுவனமும் வேலூரை அடுத்த கரிகிரியில் ஷீஃப்லின் ஆய்வு மையமும் அமைந்ததிலிருந்து தமிழ்நாடு இந்நோய் ஆராய்ச்சியின் முக்கியத் தளங்களில் ஒன்று. தொழுநோய்த் திட்டுகளில் மாஸ்ட் செல்களை எண்ணிய இந்திய ஆய்வுகள் பல. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தலை சுற்றும். எதிர்ப்பாற்றல் வலுவாக இருக்கும் டியூபர்குலாய்டு முனையில் அதிகம் என்பார் ஒருவர். கிருமி பெருகிக் கிடக்கும் லெப்ரோமட்டஸ் முனையில் அதிகம் என்பார் இன்னொருவர். எண்ணியவர்கள் பொய் சொல்லவில்லை. ஒருவர் முகத்திலிருந்து எடுத்த தோலையும் இன்னொருவர் தொடைத் தோலையும் எண்ணினால் நோயே இல்லாவிட்டாலும் எண் மாறும். ஃபார்மலினில் எவ்வளவு நேரம் கிடந்தது, எந்தச் சாயம், எத்தனை புலங்கள் என்பதற்கெல்லாம் ஏற்ப மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, குருணைகளைக் கொட்டித் தீர்த்துவிட்ட மாஸ்ட் செல் டொலுயிடின் புளூவுக்கு அகப்படாது. மிகத் தீவிரமாக வேலை செய்த செல்தான் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகிறது. குறைந்த எண் என்றால் செல்கள் குறைவு என்றும் பொருள் கொள்ளலாம், செல்கள் அப்போதுதான் வெடித்தன என்றும் பொருள் கொள்ளலாம். இப்படி இரு பக்கமும் பேசும் எண் நோயைத் தீர்மானிக்க உதவாது.

அதே தொழுநோயில், செல்லை எண்ணாமல் அதன் வேதிப்பொருளைக் கொண்டு செய்த ஒரு பழைய சோதனை அழகானது. ஹிஸ்டமின் தோலில் பட்டால் மூன்று விளைவுகள் வரிசையாக வரும் என்று 1927இல் தாமஸ் லூயிஸ் விரிவாக எழுதினார்: குத்திய இடம் சிவக்கும், அதைச் சுற்றி அகலமாக ஒரு சிவப்பு படரும், பிறகு குத்திய இடம் தடிக்கும். சுற்றிப் படரும் சிவப்புக்கு நுண் நரம்புகள் உயிரோடு இருக்க வேண்டும். 1931இல் பிலிப்பைன்ஸில் ரோட்ரிகஸும் பிளான்டில்லாவும் இதைத் தொழுநோய்க்குத் திருப்பினார்கள். வெளுத்த திட்டின் மேல் ஆயிரத்தில் ஒரு பங்கு செறிவுள்ள ஹிஸ்டமின் துளி, அதன் ஊடாக ஒரு சிறு குத்து. தடிப்பு வந்து, சுற்றிலும் சிவப்பு படராவிட்டால் நரம்பு செத்திருக்கிறது, தொழுநோயைச் சந்தேகிக்கலாம். பூஞ்சையால் வந்த தேமல் என்றால் சிவப்பு படரும். தொடு உணர்வைச் சொல்லத் தெரியாத சிறு குழந்தைகளுக்கும், உணர்வு வைத்துப் பார்க்கக் கடினமான முகத் திட்டுகளுக்கும் இது உதவியது. நம் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாததால் இந்தியக் களத்தில் இது பரவலாக நிலைக்கவில்லை. வியர்வையைத் தூண்டிப் பார்க்கும் பைலோகார்பின் சோதனை கறுத்த தோலுக்கு மேலாக இருந்தது. சோதனை வழக்கொழிந்துபோனாலும், செல்லின் நடத்தை அதன் எண்ணிக்கையைவிட எவ்வளவு அதிகம் பேசும் என்பதற்கு அது சாட்சி.

மூன்று வழிகளில் மிச்சமிருப்பது இரத்தத்தில் அளப்பது. குளத்தூரிலிருந்து வைப்பாறு, வேம்பார் நோக்கிப் போனால் பனை மரங்கள். பனையேறிகளுக்குக் கதண்டு என்னும் குளவியின் கொட்டு தெரியும். பல பேருக்கு அது வலியும் வீக்கமும்தான். சிலருக்கு உடம்பெங்கும் உள்ள மாஸ்ட் செல்கள் ஒரே நேரத்தில் குருணைகளைக் கொட்டிவிட, தடிப்பும் மூச்சுத் திணறலும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். அப்போது சோதனைக்கு நேரமில்லை. தொடைத் தசையில் அட்ரீனலின் ஊசி, வளர்ந்தவருக்கு அரை மில்லிகிராம், அதுதான் முதல் மருந்து. ஆனால் உயிர் பிழைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நடந்தது மாஸ்ட் செல்லால்தானா, இல்லை பயத்தில் வந்த மயக்கமா? விடையை டிரிப்டேஸ் சொல்லும். ஹிஸ்டமின் சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். டிரிப்டேஸ் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, அதன்பின் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எனவே கொட்டிய சில மணி நேரத்துக்குள் ஒரு மாதிரியும், எல்லாம் அடங்கி ஒரு நாளாவது கழிந்த பின் இன்னொன்றும் எடுக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒருவரின் அமைதி நிலை அளவு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, மேலும் 2 சேர்த்தால் 8. கொட்டிய பின் எடுத்த அளவு 9 என்றால் மாஸ்ட் செல் வெடித்தது உறுதி. ஆனால் பரிசோதனைக் கூடத்தின் அச்சிட்ட தாளில் 11.4 வரை இயல்பு என்றிருக்கும். ஒற்றை மாதிரியை மட்டும் பார்த்தவர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்.

அமைதி நிலையிலேயே அளவு 20ஐத் தாண்டினால் உடம்புக்குள் மாஸ்டோசைட்டோசிஸ் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். கதண்டோ தேனீயோ கொட்டியவுடன், தோலில் தடிப்பே வராமல் நேரடியாக இரத்த அழுத்தம் இறங்கி விழுந்தவர்களை இந்தக் கண்ணோட்டத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். தோலில் ஒன்றும் தெரியாததால் தோல் மருத்துவரிடம் போகாமலேயே தப்பிவிடும் மாஸ்ட் செல் நோயாளிகள் இவர்கள்தாம். இதயக் கோளாறு, வலிப்பு என்று வேறு வேறு அறைகளில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். டிரிப்டேஸ் சோதனை நம் வட்டார ஆஸ்பத்திரிகளில் கிடைக்காதுதான். ஆனால் சீரத்தைப் பிரித்துக் குளிர்ந்த நிலையில் பெருநகரக் கூடத்துக்கு அனுப்பினால் தாங்கக்கூடிய பொருள் அது. குழாயில் நேரத்தை எழுதி வைக்கும் பழக்கம்தான் முதலில் வர வேண்டும்.

இத்தனைச் சோதனைகளுக்கும் குறுக்கே நிற்பது ஹிஸ்டமினை அடக்கும் அவில் ஊசி. தடிப்பு வந்தால் ஒரு அவில், கூட டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஒன்று, கையில் பத்து சி.பி.எம். மாத்திரை என்பது நம் பக்கத்து வாடிக்கை. உடனடி நிவாரணத்துக்கு அவில் தவறில்லை. ஆனால் ஹிஸ்டமினை அடக்கும் மருந்தின் பிடி தோலில் சில நாள் இருக்கும். ஒரு வாரமாவது நிறுத்தாமல் முள்குத்துச் சோதனையோ சீரச் சோதனையோ செய்தால் விடை பொய்யாக வரும். ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது ஒட்டுச் சோதனையும் அப்படியே. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது தோலில் தடிப்பும் இருக்காது, சோதனைக்கு ஏற்ற நிலையும் இருக்காது. மருத்துவருக்குக் கிடைப்பது வாய்மொழி வரலாறு மட்டும்.

அதனால் குளத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கும் பனையேறிகளுக்கும் சிறப்பாக, மூன்று வேண்டுகோள். தடிப்பு இருக்கும்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு காசு வைத்து. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு மறுநாளும் படம் எடுங்கள். போட்ட ஊசி, தின்ற மாத்திரை எல்லாவற்றின் சீட்டையும் கூடவே கொண்டுபோங்கள், அவை எந்த நாள் எத்தனை மணிக்கு என்ற குறிப்போடு. பயாப்சி வேண்டுமா வேண்டாமா என்பதை இந்த மூன்றையும் பார்த்த பிறகு மருத்துவர் சொல்லட்டும்.